தீர்த்தத் தொட்டியில் இருபத்து மூன்று குருவிகள்

மார்ச் நான்காம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி பன்னிரண்டு நிமிடம். வெயில் நன்றாக ஏறிவிட்டது. காற்று இல்லை. மேற்கே மூன்று மேகங்கள், மூன்றும் சிறியவை. செண்டாயானில் மகள் வீட்டுக் கொல்லையில், துணிக்கம்பிக்கும் மதிலுக்கும் இடையே, பதினான்கு அடி நீளமும் ஒன்பது அடி அகலமும் உள்ள மண்தரையில், நான் நிறுத்தியிருந்த சிமெண்ட் தொட்டியின் நடுவிலிருந்து தண்ணீர் ஒரு சாண் உயரத்துக்கு எழுந்தது. அதற்கு மின்சாரக் கம்பி கிடையாது. சாப்பாட்டுத் தட்டு அளவில் ஒரு கறுப்புத் தகடு இருக்கிறது. அதன் மேல் வெயில் பட்டால் தொட்டிக்குள் கிடக்கும் சின்ன மோட்டார் ஓடும். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பத்து பத்தொன்பதுக்கு ஒரு மேகம் சூரியனை மறைத்தது. ஊற்று இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. ஓடியது ஏழு நிமிடம்.

மோட்டார் கெட்டுவிட்டது என்று பயந்து மருமகனுக்குப் போன் செய்தேன். அவர் வேலையிடத்திலிருந்து, "மாமா, வெயில் வந்தா தானா ஓடும்லா. நீங்க உள்ள போய் உக்காருங்க," என்றார். நான் போகவில்லை. வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தேன். நான்கு நிமிடத்தில் மறுபடி ஓடியது. அன்று மாலை ஐந்து மணிக்குள் பதினேழு முறை நின்று பதினேழு முறை ஓடியது. ஒரு பறவையும் வரவில்லை.

பறவைகள் குளிக்க ஒரு தொட்டி வைக்கப்போகிறேன் என்று நான் சொன்ன நாளில் வீட்டில் யாரும் ஏனென்று கேட்கவில்லை. டிங்கிக் காய்ச்சலைப் பற்றித்தான் பேசினார்கள். தேங்கிய தண்ணீரில் கொசு முட்டையிடும், சுகாதார இலாகா ஆட்கள் பார்த்தால் அபராதம் போடுவார்கள் என்றாள் மகள். தண்ணீர் அசைந்துகொண்டே இருந்தால் கொசு அண்டாது என்று மருமகன் கைப்பேசியில் தேடி இந்த மோட்டாரை வரவழைத்தார். ஏனென்று கேட்டிருந்தாலும் நான் சொல்லியிருக்க மாட்டேன். என் வயதுக்காரர்களே, உங்களிடம் சொல்லலாம். காலை ஐந்து மணிக்கு வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டு மணி அடித்தால் எழுந்து உட்கார்ந்த உடம்புகள் நாம். உங்களுக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை.

எனக்குப் பத்து வயது. எங்கள் ரப்பர் தோட்டம் கோலா கிளாவாங் போகிற சாலையில், மலை ஏறத் தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னால் இருந்தது. தொழிலாளர் லயத்தில் நாற்பத்தெட்டு வீடுகள். அதில் பதினொன்று வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர் வீடுகள். எங்கள் கோவிலைப் பெரிதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். அது வேலைக்குப் போகிறவர்கள் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் பழைய ஆயாக் கொட்டகை. பிள்ளைகளுக்குப் புதுக் கொட்டகை கட்டியதும் இதைக் கேட்டு வாங்கியிருந்தார்கள். ஆறு பெஞ்சு, நான்கு சன்னல். சன்னல்களுக்குக் கதவு இல்லை. ஒரு மூலையில் தொட்டில் கட்டிய வளையங்கள் உத்தரத்தில் அப்படியே இருந்தன. வாசலில் தீர்த்தம் வைத்திருந்தது ஓரம் பெயர்ந்த ஒரு எனாமல் கிண்ணத்தில். என் தங்கை பிறந்தபோது தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர் கை கழுவிய கிண்ணம் அது.

அப்பா அந்தக் கோவிலின் உபதேசியார். வாரம் ஆறு நாளும் ரப்பர் பாலுக்கு மரம் வெட்டுவார். ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஜெபம் நடத்துவார். சம்பளம் கிடையாது. சாமியார் சிரம்பானிலிருந்து வருடத்துக்கு மூன்று முறைதான் வந்து பூசை வைப்பார். முந்தின வருடம் இரண்டு பேர், சாகும் நேரத்தில் சாமியார் எண்ணெய் பூசும் அவஸ்தைப்பூசுதல் இல்லாமலே செத்துப்போனார்கள். ஒருவர் அப்பாவின் அண்ணன். அன்றைக்கு அப்பா ஒன்பது மைல் சைக்கிள் மிதித்துப் போய்ப் போன் போட்டும் சாமியாரால் வர முடியவில்லை. அதன்பிறகு மாதம் ஒரு பூசையாவது வேண்டும் என்று அப்பா நான்கு கடிதம் எழுதினார். கடிதத்தை எழுதியது நான், சொன்னது அவர். நான்காவதற்குப் பதில் வந்தது. குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்தின சனிக்கிழமை சாமியார் வருவார், கோவிலையும் ஆட்களையும் பார்ப்பார், சரியென்று பட்டால் மாதாமாதம் வருவார்.

அப்பா அதிகம் பேசுகிறவர் அல்ல. ஞாயிறு தோறும் ஜெபம் முடிந்ததும் என்னைப் பார்த்து, "எத்தன?" என்று கேட்பார். நான் எண்ணி வைத்திருப்பேன். "பதினாலு," என்பேன். நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்வார். ஒரு வாரத்தில் அவர் என்னிடம் கேட்ட கேள்வி பெரும்பாலும் அது ஒன்றுதான். எண்ணும் பழக்கம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று மகள் கேலி செய்யும்போது இதை நினைத்துக்கொள்வேன்.

அது இலையுதிர் காலம். ரப்பர் மரங்கள் மொட்டையாக நின்றன. நடந்தால் காலடியில் காய்ந்த இலை அப்பளம் போல நொறுங்கும். பால் குறைந்து அரை நாள் வேலைதான். கிணற்றில் கயிறு மூன்று முழம் கூடுதலாக இறங்கியது. அந்த மாதத்தில்தான் வெள்ளைக்காரத் துரை தோட்டத்தை விட்டுச் சீமைக்குப் போனார். வந்த புதுத் துரைக்குப் பூந்தோட்டம் வேண்டாம், பூப்பந்து ஆடத் தளம் வேண்டும். பங்களாத் தோட்டத்தைப் பராமரித்தவரை எல்லாரும் கெபுன் என்றுதான் கூப்பிடுவோம். அவர் எங்கள் பக்கத்து வீடு, வேதக்காரர் அல்ல, சாமி கும்பிடுகிறவர், அப்பாவை அண்ணே என்பார். தோட்டத்து நடுவில் நின்ற கல்தொட்டியைப் பள்ளத்தில் தள்ளச் சொல்லிவிட்டார்கள் என்று அவர் வந்து சொன்னார். அப்பா போய்ப் பார்த்தார். திரும்பி வந்து, "நல்ல கல்லு. கோவிலுக்கு ஆகும்," என்றார்.

அப்பா, கெபுன், இன்னும் இரண்டு பேர். தண்டு தனி, கிண்ணம் தனி. கயிறு கட்டி, மரக்கொம்பில் தொங்கவிட்டு, தோள் மாற்றி மாற்றிச் சுமந்தார்கள். பங்களா வாசலிலிருந்து கோவில் வாசல் வரை என் காலுக்கு இரண்டாயிரத்து இருநூற்றுப் பதினான்கு எட்டு. வழியில் ஒன்பது முறை இறக்கி வைத்தார்கள். வாசலில் நிறுத்தியதும் பெண்கள் வந்து தொட்டுப் பார்த்தார்கள். துரை வீட்டுத் தீர்த்தத் தொட்டி, சிரம்பான் கோவிலில் இருப்பது போலவே இருக்கிறது, வெள்ளைக்காரன் வீட்டிலேயே வைத்துக் கும்பிட்டிருக்கிறான் பார் என்று பேச்சு பரவியது. அப்பா சிரித்தார். அவர் பல் தெரியச் சிரித்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

அந்தத் தொட்டி என்னவென்று எனக்குத் தெரியும். நான் படித்தது கோலா கிளாவாங் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில். பஸ் பங்களா முச்சந்தியில்தான் நிற்கும். தினமும் கால் மணி நேரமாவது காத்திருப்பேன். செம்பருத்தி வேலிக்குள் ஓர் இடைவெளி உண்டு. அதில் கண்ணை வைத்தால் அந்தத் தொட்டி தெரியும். கெபுன் தண்ணீர் ஊற்றிவிட்டு நகர்ந்ததும் குருவிகள் இறங்கும். மைனா, சிட்டு, கொண்டைக்குருவி. இறக்கையை அடித்து அடித்து அவை தண்ணீரைச் சிதறடிக்கும்போது துரைசானி மாடியில் கையில் கோப்பையோடு நிற்பாள். நான் வெளியே நின்று எண்ணுவேன். அதிகபட்சம் ஒரு காலையில் இருபத்து மூன்று.

அம்மாவிடம் சொன்னேன். அவர் நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ஒன் கணக்கெல்லாம் பள்ளிக்கூடத்தோட வச்சுக்க," என்றார். அம்மா நம்பவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

ஓடை வற்றிப்போன காலம். பத்து நாளில் குருவிகள் தொட்டியைக் கண்டுபிடித்துவிட்டன. கதவில்லாத சன்னல் வழியாக உள்ளே வந்து, வாசல் பக்கம் வெளியே போயின. ஒரு ஞாயிறு, பிரார்த்தனை நடுவில், ஒரு புள்ளிப்புறா வந்து தொட்டி விளிம்பில் உட்கார்ந்து கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. முன் பெஞ்சில் இருந்த, வேலையாட்களை மேற்பார்க்கும் தண்டலின் மனைவி முழங்காலில் விழுந்துவிட்டாள். பரிசுத்த ஆவி என்று அவள் சொன்னதை மற்றவர்களும் சொன்னார்கள். ஞானஸ்நானப் படத்தில் புறா எப்படி வெள்ளையாக இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். இது பழுப்பு, கழுத்தில் புள்ளி வேறு. அதையெல்லாம் யார் பார்த்தார்கள்?

அடுத்த ஞாயிறு இருபத்தேழு பேர். அதற்கடுத்தது நாற்பத்தொன்று. சாமி கும்பிடுகிற வீடுகளிலிருந்தும் வந்தார்கள். கெபுன் மனைவி செம்பருத்தி கொண்டுவந்து தண்ணீரில் மிதக்கவிட்டாள். இருமுகிற பிள்ளைக்கு ஒருத்தி போத்தலில் பிடித்துக்கொண்டு போனாள். "எத்தன?" என்று அப்பா கேட்கும் குரலே மாறிப்போயிருந்தது. நாற்பத்தொன்று என்று நான் சொன்னபோது பென்சிலைக் கையில் பிடித்துக்கொண்டு சற்று நேரம் எழுதாமலே நின்றார்.

சாமியார் சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு மோட்டார் சைக்கிளில் வந்தார். கறுப்புச் சப்பாத்தில் செம்மண். கோவிலில் ஐம்பத்தெட்டு பேர். தகரக் கூரையின் சூட்டில் மெழுகுவத்தி வளைந்தது. நல்ல மனிதர், சிரித்த முகம். பெஞ்சைத் தட்டிப் பார்த்தார், பீடத்துத் துணியைப் பார்த்தார். வாசலுக்கு வந்து விரலைத் தண்ணீரில் வைத்தவர், எடுக்காமல் தொட்டியையே பார்த்தார். விளிம்பில் ஒரு வெள்ளை எச்சம் காய்ந்திருந்தது.

"உபதேசியாரே, இது எங்க கெடச்சது?"

"தொர பங்களாவுல கெடந்துச்சு சாமி. நல்ல கல்லு," என்றார் அப்பா.

நான் கெபுனைப் பார்த்தேன். தினமும் அதில் தண்ணீர் ஊற்றியவர் அவர்தானே, சொல்லட்டும் என்று. அவர் கூரையில் எதையோ தேடிக்கொண்டிருந்தார். வேலை போய்விடும் என்று பயப்படுகிறார் என்று எண்ணினேன். சாமியார் என் பக்கம் திரும்பினார். நான்கு கடிதங்களும் என் கையெழுத்து என்று அப்பா அவரிடம் சொல்லியிருந்தார்.

"இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துப் பையன் நீதானே. பங்களாப் பக்கம்தான் பஸ் ஏறுவியாம். இது எதுக்கு இருந்துச்சு அங்க?"

அப்பா என்னைப் பார்த்தார். கண்ணைக் காட்டவில்லை, தலையை ஆட்டவில்லை. சும்மா பார்த்தார்.

"குருவி குளிக்கிற தொட்டி சாமி," என்றேன். "ஒரு நாளு இருபத்து மூணு எண்ணுனேன்."

சாமியாரிடம் பொய் சொல்லக் கூடாது என்பதற்காகச் சொன்னேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது சரியல்ல. அந்த எண்ணிக்கை மூன்று மாதமாக என் வாயில் இருந்தது. கேட்க ஒருவரும் இல்லை. பெரிய மனிதர் ஒருவர் கேட்டார், நான் சொன்னேன். சொல்லும்போது எனக்கு மார்பு நிமிர்ந்திருந்தது.

சாமியார் சிரித்தார். கெட்ட சிரிப்பு அல்ல. வயிறு குலுங்க, கண்ணில் நீர் வர, ஒரு குழந்தை சிரிப்பது போலச் சிரித்தார். அவர் சிரித்ததும் எல்லாரும் சிரிக்கலாம் என்று ஆகிவிட்டது. ஐம்பத்தெட்டு பேர் சிரித்தார்கள்.

"அப்ப என் வீட்டுக்காரி நெத்தியில பூசுனது மைனா குளிச்ச தண்ணியா, உபதேசியாரே?" என்றார் தண்டல். "கக்கத்தையும் கழுவியிருக்குமே அது."

அப்பாவும் சிரித்தார். பல் தெரிந்தது. பிறகு குனிந்து தொட்டியின் கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்தார். தனியாகத் தூக்க முடியாத கனம். கெபுன் ஓடிவந்து மறுபக்கம் பிடித்தார். இருவரும் அதை வெளியே ரம்புத்தான் மரத்தடிக்குக் கொண்டுபோனார்கள். தண்ணீர் தளும்பி அப்பாவின் வெள்ளைச் சட்டை முழுவதும் நனைந்தது.

பூசை நடந்தது. மாதாமாதம் வருகிறேன் என்று சாமியார் ஒத்துக்கொண்டார், வந்தும் காட்டினார். அதன்பிறகு எங்கள் லயத்தில் ஒருவரும் அவஸ்தைப்பூசுதல் இல்லாமல் சாகவில்லை. அப்பா கேட்டது கிடைத்தது. ஆனால் இந்தக் கதையைச் சாமியார் போகிற தோட்டத்தில் எல்லாம் சொல்லி மகிழ்ந்தார் போலிருக்கிறது. மூன்றாவது மாதத்துக்குள் அப்பாவுக்குக் குருவி உபதேசியார் என்று பெயர் விழுந்தது. அந்தப் பெயரில் தீங்கு இருப்பதாக யாரும் நினைக்கவில்லை. அன்பாகத்தான் கூப்பிட்டார்கள். கோவில் சாவியையும் நோட்டுப் புத்தகத்தையும் தண்டலிடம் கொடுத்துவிட்டு, அப்பா கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார். சாகும்வரை பத்தொன்பது வருடம் அங்கேயேதான். என்னை அடிக்கவில்லை, ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். எத்தனை என்று அவர் அப்புறம் கேட்கவே இல்லை.

அந்தத் தொட்டி பிறகு என்ன ஆனது என்று தெரியவில்லை. தெமியாங்கில் முப்பத்தொரு வருடம் குடியிருந்தேன். அங்கிருந்து தோட்டத்துக்கு ஒரு மணி நேரப் பயணம்கூட இல்லை. ஒரே ஒரு முறை போனேன். ரப்பர் போய் எல்லாம் எண்ணெய்க்கு நட்ட செம்பனை. ஆயாக் கொட்டகை இருந்த இடமும் ரம்புத்தான் மரம் நின்ற இடமும் எனக்குப் பிடிபடவில்லை.

இந்தத் தொட்டிக்கு வருகிறேன். முதல் மோட்டார் எட்டாம் நாள் செத்தது. ஊற்று உயரமாக எழும்ப வேண்டும் என்று தண்ணீர் பீய்ச்சும் மூக்கை மாற்றி வைத்தேன். காற்று தண்ணீரையெல்லாம் வெளியே தள்ள, வெறும் தொட்டியில் ஓடிக் கருகிவிட்டது. இரண்டாவது மோட்டாரில் மேகம் வந்தாலும் சற்று நேரம் தாங்க மின்கலம் உண்டு. மூக்கைக் கழற்றிவிட்டேன். தண்ணீர் நான்கு விரல் உயரத்துக்குக் குமிழியிட்டது. நடுவில் கூழாங்கல் போட்டு ஆழத்தைக் குறைத்தேன். பன்னிரண்டாம் நாள் காலை ஏழு ஐம்பதுக்கு முதல் மைனா வந்தது. அதன்பின் கூட்டம்தான்.

எச்சத்தைப் பற்றி யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஒரே ஒரு காலை விட்டுவிட்டால் தொட்டி பார்க்கச் சகிக்காது. தண்ணீரைக் கொட்டி, பிரஷ் போட்டு, கழுவி, மறுபடி நிரப்ப எனக்கு இருபது நிமிடம் ஆகிறது. பதினேழாம் நாள், குனிந்து தேய்த்துக்கொண்டிருந்தபோது, அப்பா நினைவுக்கு வந்தார். அந்தத் தவக்காலம் முழுவதும் அவர் பெரட்டுக்குப் போகும் முன், இருட்டோடு, கையில் தேங்காய் நாரும் ஒரு வாளியும் எடுத்துக்கொண்டு கோவிலுக்குப் போனார். ஜெபிக்கப் போகிறார் என்று பாயில் படுத்தபடி நினைத்தேன். பிரஷை வைத்துவிட்டு விரலால் தடவிப் பார்த்தேன். இந்தத் தொட்டியின் உள்பக்கம் சொரசொரப்பாக இருக்கிறது, குருவியின் கால் வழுக்காமல் இருக்க. ஓரம் ஆழமில்லாமல் இருக்கிறது, அது நடந்து இறங்க. அந்தக் கல்தொட்டியும் இப்படித்தான் இருந்திருக்கும். மரத்தில் ஒரு மயிரிழை ஆழம் தவறாமல் கத்தி இழுக்கிற கை அப்பாவின் கை. அந்தக் கை ஐந்து வாரம் தினமும் அதைத் தேய்த்திருக்கிறது. கெபுன் அதைத் தோளில் சுமந்து வந்திருக்கிறார், முக்கால் மைல் தூரம், அப்பாவோடு பேசிக்கொண்டே.

அப்பா தெரியாதவர் அல்ல. இப்போது யோசித்துப் பார்த்தால், அதைத் தீர்த்தத் தொட்டி என்று அவர் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. சொன்னது எல்லாம் பெண்கள். கெபுனுக்குத் தெரியும். அம்மாவுக்கும் தெரிந்திருக்கும். நல்ல கல், கோவிலுக்கு ஆகும் என்று மூன்று பேர் முடிவு செய்து வெளியே சொல்லாமல் காத்து வந்ததை நான்காவது ஆளாக நான் வந்து எண்ணிச் சொல்லிவிட்டேன். அறிவில்லாத தகப்பனுக்கு மகன் நான் என்று ஒரு காலத்தில் வெட்கப்பட்டேன். வெட்கப்பட்ட வருடங்களைக் கூட்டிப் பார்த்தேன். வேண்டாம், அதை இங்கே எழுதவில்லை.

மறுநாள் மகளைக் கூட்டிக்கொண்டு கோவில் அலுவலகத்துக்குப் போனேன். யாருக்காகப் பூசை வைக்க வேண்டும் என்று பூசைக் கருத்து எழுதும் தாளைக் கொடுத்தார்கள். அப்பா பெயரை எழுதினேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் சின்னவள், நல்ல மரியாதை.

"அங்கிள், அறிவிப்புல வாசிப்பாங்க. பேரு மட்டும் போதுமா? வேற ஏதாச்சும் போடணுமா?"

"உபதேசியார்னு போடும்மா," என்றேன்.

"எந்தக் கோவில்ல அங்கிள்?"

தோட்டத்தின் பெயரைச் சொன்னேன். அவளுக்குத் தெரியவில்லை. எழுத்துக் கூட்டிச் சொன்னேன், எழுதிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிப் பூசையில் ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். கோவில் நிறைந்திருந்தது. யாரும் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து கணக்கை முடித்தேன். தொட்டி நூற்று அறுபத்தெட்டு, சிமெண்டும் மணலும் இருபத்து மூன்றரை, முதல் மோட்டார் நாற்பத்தொன்பது தொண்ணூறு, இரண்டாவது எண்பத்தொன்பது தொண்ணூறு, கூழாங்கல் பன்னிரண்டு, பிரஷ் நாலரை. அதன் கீழே பூசைக் காணிக்கை முப்பது என்று எழுதியதைத் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்த மகள், "அப்பா, பூசைக் காசையுமா தொட்டிச் செலவுல சேப்பீங்க?" என்றாள்.

"அதுவும் இதுல சேர்ந்ததுதான்," என்று சொல்லிவிட்டுக் கோடு போட்டுக் கூட்டினேன். முன்னூற்று எழுபத்தேழு ரிங்கிட் எண்பது சென்.